உப்புப் போட்ட ஐஸ்

மதிப்பிற்குரிய டாக்டர் ராஜ்மோகன் ஐயா அவர்களுக்கு,

மண்டபத்தூர் சந்திரலேகா எழுதிக்கொள்வது. எந்தக் கடிதமானாலும் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று முதலில் எழுதிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு டீசல் மானியத்திலிருந்து படகு மீட்பு வரைக்கும் மனு எழுதிக் கொடுப்பவள் நான்தான். அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே தொடங்குகிறேன்.

போன திங்கட்கிழமை உங்கள் அறையில் ஆறு பேர் இருந்தோம். நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கு முதுகு காட்டி. உங்களுக்கு நேர் எதிரே என் தம்பி அருள்மணி. வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்திருந்தான். அவனுக்கு இடப்பக்கம் அவன் மனைவி காவ்யா. சுவரோர பெஞ்சில் காவ்யாவின் அப்பா தர்மராஜ். கிளிஞ்சல்மேட்டில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருப்பவர். வீட்டுக்கு மருந்து கொண்டுவரும் நர்ஸ் விஷ்ணுப்ரியா கதவுப் பக்கம் நின்றாள், அவளுக்கு நாற்காலி இல்லை. நான் தம்பிக்கு வலப்பக்கம். அந்தக் கை இருக்கிற பக்கம்தான் எப்போதும் என் இடம்.

ஃபேன் காற்றில் உங்கள் தாள்கள் பறந்துகொண்டே இருந்தன. அவற்றின்மேல் ஏதாவது பாரம் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரமே, வலை இழுக்கும் வின்ச் கயிறு அருள்மணியின் வலது மேல்கையில் சுற்றிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது. கைக்குப் போகிற மூன்று பெரிய நரம்புகளில் இரண்டு அறுந்துவிட்டன. நீங்கள் தைத்தீர்கள். தைத்த இடத்திலிருந்து நரம்பு தானாகக் கீழ்நோக்கி வளரும், ஆனால் ரொம்ப மெதுவாக. அது விரலுக்கு வந்து சேருகிற வரை சதை காத்திருக்காது, சூம்பிப் போய்விடும். அதனால் நரம்பை ஊக்கி வளர வைக்கும் ஒரு புரத மருந்தை, வளர்ச்சிக் காரணி என்றீர்கள், ஆராய்ச்சியாகச் சிலருக்குப் போட்டுப் பார்க்கிறீர்கள். மற்றவர்களுக்கெல்லாம் விரல் அசையத் தொடங்கிவிட்டது. அருள்மணிக்கு மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

அன்றைக்கும் விரல் நுனியால் அவன் கையை மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தீர்கள்.

“எறும்பு எங்கப்பா இருக்கு?”

வளருகிற நரம்பின் நுனி எங்கே வந்திருக்கிறதோ அங்கே தட்டினால் எறும்பு ஊறுவது போல இருக்கும் என்று முதல் தடவையே சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். அதிலிருந்து எங்கள் வீட்டிலும் அதற்கு எறும்பு என்றுதான் பெயர்.

“அதே இடம்தான் சார். முழங்கைக்குக் கீழ ரெண்டு விரக்கடை. அங்கயே வீடு கட்டிக் குடித்தனம் வந்திருச்சு போல,” என்றான். அவன் மட்டும் சிரித்தான்.

நீங்கள் சிரிக்கவில்லை. விஷ்ணுப்ரியாவைப் பார்த்தீர்கள். “வண்டியில மருந்துப் பெட்டிய வெயில்ல வச்சியா? வழியில எங்கயாச்சும் நின்னியா?”

“இல்ல சார். நேரா வீட்டுக்குத்தான் சார் போவேன். ஒவ்வொரு தடவையும் ஃப்ரிட்ஜுல தெர்மாமீட்டர் பார்த்துட்டுத்தான் வருவேன். அக்காவ வேணா கேளுங்க.”

நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. விசாரணை வைக்கணும் என்றீர்கள். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிற பெண், வேலை போனால் கஷ்டம். அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சுனாமி வந்த காலையில் அப்பாவும் அம்மாவும் கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அருள்மணிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயசு. அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு மேற்கே ரோட்டைப் பார்த்து ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டிருப்பேன். அவன் மணிக்கட்டில் என் விரல் தடம் நீலமாகப் பதிந்துபோய்ப் பல நாள் இருந்தது. அந்தக் கை என் கையில் இருந்ததால்தான் அவன் இருக்கிறான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பி சின்னவன் என்றேன். அவன் பெரியவனான பிறகு யாரும் வரவில்லை.

காவ்யாவைக் கட்டிவைத்ததும் நான்தான். நல்ல பெண். தடைக்காலம் முடிந்ததும் கிளிஞ்சல்மேட்டில் அவள் அப்பா வீட்டு மாடியில் தனிக்குடித்தனம் போவதாக இருந்தார்கள். பாய், பாத்திரம் எல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது. அப்புறம் வின்ச். கட்டி வைத்ததை அவிழ்த்து நான்தான் மறுபடி பரணில் அடுக்கினேன். வின்ச்சில் கயிறு சுற்றியதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை ஐயா, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கை விழுந்த பிறகு சோறு ஊட்ட வேண்டியதாயிற்று. உங்கள் மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிற அம்மா, தடித்த பிடி வைத்த ஒரு கரண்டி கொடுத்து, இடது கையால் சாப்பிடப் பழக்குங்கள் என்றார்கள். எங்கள் வீட்டில் இடது கையால் யாரும் சாப்பிடுவதில்லை. அம்மா இருக்கும்போதும் இல்லை. அந்தக் கரண்டியை ஊறுகாய் ஜாடியில் போட்டேன், நன்றாக உதவுகிறது.

காவ்யா ஒருநாள் கேட்டாள். “எனக்கும் ஒரு வாய் விடுங்க அண்ணி. நானும்தான் ஊட்டிப் பார்க்கிறேனே. நான் என்ன அவருக்கு வெசமா வைக்கப் போறேன்?”

“அவனுக்கு நான் பிசைஞ்சாத்தான் இறங்கும் காவ்யா,” என்றேன்.

“ஆமா, அக்கா கையில ஏதோ மிஷின் இருக்கு. உருண்டை எல்லாம் ஒரே சைஸு,” என்றான் இவன். அவள் சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டில் சண்டை கிடையாது. அவன் வலது கைக்கு விருந்தாளி என்று பெயர் வைத்திருக்கிறான். எழுந்திரிடா விருந்தாளி, எத்தனை நாள் தின்னுட்டுத் தூங்குவே என்று அதனோடு பேசுவான்.

மருந்தை எனக்குக் குத்தக் கற்றுக் கொடுத்தது நீங்கள்தான். நாள் விட்டு நாள், தழும்பைச் சுற்றித் தோலுக்கடியில். உங்க அக்காவுக்கு நடுங்காத கை என்று அவனிடம் சொன்னீர்கள். அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மருந்தை ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில் வைக்க வேண்டும், மேலே இருக்கிற ஐஸ் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்று விஷ்ணுப்ரியா எனக்குத் தெளிவாகச் சொன்னாள். “உறைஞ்சா செத்துருச்சுன்னு அர்த்தம்க்கா. உருகினப்புறம் பார்க்கத் தண்ணி மாதிரி அப்படியேதான் இருக்கும். ஆனா உள்ள உசிரு இருக்காது. போடக் கூடாது, எனக்கு ஃபோன் பண்ணிருங்க, வேற தந்துருவாங்க.” அவள் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆடியில் ஆரம்பித்தோம். ஆவணி, புரட்டாசி எல்லாம் ஒழுங்காகப் போட்டேன். எறும்பு மேல்கையிலிருந்து இறங்கி முழங்கையைத் தாண்டியது. அவன் எழுந்ததும் தானே தட்டிப் பார்த்துக்கொண்டு, “அக்கா, எறும்பு ஸ்டாப்பிங்கத் தாண்டிருச்சு. பொங்கலுக்கு நானே சாப்பிடுவேன் போலருக்கு,” என்பான். நல்லது என்பேன். அது நல்லதுதான்.

ஐப்பசி மழையில் கரண்ட் போயிற்று. ரோட்டில் மரம் விழுந்து ரெண்டு நாள் வரவில்லை. நான் பஞ்சாயத்தாரோடு நிவாரண மனு கொடுக்கக் காரைக்காலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மருந்து ஃப்ரிட்ஜில் இல்லை. மீன் ஐஸ் பெட்டிக்குள், பாலித்தீன் பையில் கட்டி, நொறுக்கின ஐஸில் புதைத்து வைத்திருந்தாள் காவ்யா. ஐஸின்மேல் கல்லுப்பு.

“சூடாயிருமேன்னு பயந்துபோய்ட்டேன் அண்ணி. ஐஸ் விக்கிற செல்லக்கண்ணு அண்ணன் வீட்டுல போய் வாங்கியாந்தேன். உப்பும் போட்டிருக்கேன், சீக்கிரம் கரையாது.”

நாலு நாள் மீன் கெடாமல் இருக்க இங்கே எல்லோரும் செய்வது அது. உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸை விடக் குளிரும். எங்களுக்கு மீன் கெடுவது சூட்டில்தான். குளிரிலும் ஒரு பொருள் கெடும் என்று கடற்கரையில் பிறந்த யாருக்கும் தோன்றாது. நான் பையை அவிழ்த்தேன். குப்பி எல்லாம் கல்லு மாதிரி உறைந்திருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உருகிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி அப்படியேதான் இருந்தது.

“நல்ல வேலை செஞ்சே காவ்யா,” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. தன்னால்தான் மருந்து பிழைத்தது என்று அவள் அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் உடைந்துபோயிருப்பாள். புருஷன் கை மருந்தைத் தானே கெடுத்தோம் என்பதை ஒரு பெண் எப்படித் தாங்குவாள்? அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன். அந்த மாத மருந்து முழுக்க அதையே போட்டேன். எறும்பு நின்றுவிட்டது. இவன் தினமும் தட்டிப் பார்த்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்கியிருக்கு போல என்றான்.

அடுத்த மாதம் விஷ்ணுப்ரியா புது மருந்து கொண்டுவந்தாள். நடுத் தட்டில் வைத்தாள், தெர்மாமீட்டர் பார்த்தாள், நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தாள், போனாள். அவள் வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பினதும் மருந்தை எடுத்து மேலே ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

ஐப்பசியில் நடந்தது காவ்யாவின் அறியாமை. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நான். ஒவ்வொரு மாதமும் வந்த மருந்தை உறைய வைத்து, ஊசி போடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் குப்பியை உள்ளங்கையில் வைத்து உருக்கி, நீங்கள் கற்றுக் கொடுத்த மாதிரியே, வலிக்காமல் போட்டேன். விஷ்ணுப்ரியா வருவதற்கு முன்னால் ஃபோன் பண்ணுவாள். மிச்சம் இருக்கிறதை நடுத் தட்டுக்கு இறக்கிவிடுவேன். ஒரு நாளும் ஊசி தவறியதில்லை. நூல் அளவுகூட அவனுக்கு ரத்தம் வந்ததில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

கடல்தான் காரணம். அப்பாவையும் அம்மாவையும் எடுத்தது கடல். கையை எடுத்ததும் கடல். கை சரியானால் மறுபடி அங்கேதான் போவான். கை இல்லாமல் இருந்தால் ஆள் இருப்பான். ஒரு கையா, ஒரு ஆளா என்று யாரிடம் கேட்டாலும் என்ன சொல்வார்கள்? நானும் அதைத்தான் சொன்னேன், வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தினமும் அந்தக் கைக்கு எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன். கட்டைவிரல் அடிமேடு வற்றிக் குழியாகிவிட்டது. எண்ணெய் வார்த்தால் அதில் தேங்கும். “அக்கா, உன்னால விருந்தாளிக்கு மட்டும் ராஜ உபசாரம்,” என்பான். போன மாசம் ஒருநாள் அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, “இது என் கை மாதிரியே இல்லைக்கா,” என்றான். என்னிடம் கொடுடா என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். விஷ்ணுப்ரியா அழுது முடித்த பிறகு நீங்கள் புதிதாக ஒன்று சொன்னீர்கள்.

“இனிமே மருந்தை நம்பிக் காத்திருந்து பிரயோஜனம் இல்லை. மூணாவது நரம்பு நல்லாத்தான் இருக்கு. அது இயக்குற ஒரு தசைநாணை எடுத்து மணிக்கட்டைத் தூக்குற இடத்துல மாத்தித் தைச்சிடலாம். பழைய கை வராது. ஆனா சோறு பிசைஞ்சு தானே சாப்பிட்டுக்கலாம், சட்டை போட்டுக்கலாம். வர்ற வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா?”

காவ்யா மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். தர்மராஜ் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். “ஸ்பேனர் பிடிக்க முடியுமா சார்?”

“பழகினா பிடிக்கலாம்.”

“அது போதும் சார். மாப்பிள்ளை நம்ம பட்டறைக்கு வந்துரட்டும். கடலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். மாடி சும்மாத்தான் கெடக்கு.” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், “சம்பந்திக்கும் ஊட்டுற வேலை மிச்சம். இத்தனை வருஷம் அந்தப் பிள்ளையத் தூக்கிச் சுமந்தாச்சு. இனிமேலாவது காலை நீட்டி உக்காருங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்லது என்றேன்.

அருள்மணி உங்களைப் பார்க்கவில்லை, காவ்யாவைப் பார்த்தான். அவன் முகத்தை அப்படி நான் கல்யாணத்தன்றுதான் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் அவளுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். நான் இரண்டு சீட் பின்னால். அந்தக் கை அவள் மடியில் இருந்தது.

ஐயா, பட்டறை கடல் இல்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கடலுக்குப் போகிறவன் கரை ஏறினால் சாப்பிட என் வீட்டுக்குத்தான் வருவான். கிளிஞ்சல்மேட்டுக்குப் போகிறவன் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொள்வான்.

ஆகையால் என் வேண்டுகோள் இதுதான். வெள்ளிக்கிழமை ஆபரேஷனை நிறுத்திவைக்க வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்ற காரணத்தால்தான் அறுக்க முடிவு செய்தீர்கள். அந்தக் காரணம் தப்பு. மருந்து நல்ல மருந்து, முழங்கை வரை அது கொண்டுவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கெட்டது மருந்தால் இல்லை, என்னால். தப்பான காரணத்துக்கு நல்ல தசையை வெட்டி எடுப்பது நியாயமில்லை. சதை முழுக்கப் போக இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்போம். விஷ்ணுப்ரியா மேல் நடவடிக்கை வேண்டாம், அவளே மருந்து கொண்டுவரட்டும். முன்போலவே என்னிடம் கொடுத்தால் போதும். இந்த வீட்டில் அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவனுக்கு ஊசி போட வேறு யாருடைய கையும் ஒத்துக்கொள்ளாது.

போலீஸுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள். ஆனால் அவனிடம் சொல்ல வேண்டாம். அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

காவ்யா ஆபரேஷனுக்குத் துணிமணி எடுத்து வரக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போயிருக்கிறாள். அருள்மணி இப்போது எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பசிக்குதுக்கா என்கிறான். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்கா? வெள்ளிக்கிழமைக்கு நன்றி சொல்லி எழுது. நல்ல தமிழ்ல எழுது, டாக்டர் அசந்துபோகணும்,” என்கிறான். சரிடா என்றிருக்கிறேன்.

இதை மடித்துக் கவரில் வைத்துவிட்டு அவனுக்குச் சோறு போடுவேன். இன்றைக்கு வாளை மீன் குழம்பு. வீட்டில் பசை தீர்ந்துவிட்டது. ஊட்டி முடித்ததும் அந்தத் தட்டிலிருந்தே நாலு பருக்கை எடுத்துத் தேய்த்து ஒட்டிவிடுவேன். கவரின் ஓரத்தில் மஞ்சளாக ஏதாவது தெரிந்தால் மன்னிக்க வேண்டும். காயும் வரை பாரம் வேண்டும் என்று அவன் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைப்பேன். அசைக்காதே என்று சொல்ல வேண்டியதில்லை.

காய்ந்ததும் அவனே இடது கையில் எடுத்துக்கொண்டு போய் ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிட்டு வருவான். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவான். வேறு எங்கே போய்விடப் போகிறான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்திரலேகா